ஆகோள் உண்டு; பாதீடு இல்லை

ஒரு நூலை ஆராயப் புகுந்தவன் அதன் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே நிறுத்துக் காட்டல் வேண்டுமென்பது நம் முன்னோர் வகுத்த நெறி. நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தென்றும், நூலுக்கு ஆகும் அழகு பத்தென்றும் எண்ணிக் கொடுத்தார். இந்த அளவுகோல் ஏட்டிலும் அச்சிலும் வந்தவற்றுக்கு மட்டுமே உரியதென்று நாம் அதனைப் பூட்டி வைத்திருக்கிறோம். நம் மாணாக்கர் இரவுதோறும் கண்ணும் கையும் மனமும் ஒன்றிக் கிடக்கின்ற கணினி விளையாட்டுக்களை அவ்வளவுகோலால் அளந்து பார்ப்பார் நம்முள் அரியர். பெற்றோர் அவற்றை வைகிறார்கள். ஆசிரியர் கேளாதார்போல் இருந்துவிடுகிறார்கள். விற்பவர்களோ விளம்பரம் எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேண்டிய நடுநிலைச் சொல் ஒன்று மாத்திரம் எவரிடமிருந்தும் கிடைப்பதில்லை.

ஆதலின், அத்தகைய விளையாட்டு ஒன்றை எடுத்து, ஒரு காப்பியத்தை ஆராயும் அதே பொறுமையோடு ஆராய்ந்து காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்டது யப்பானிலே பிறந்த 'சிண்டுவாலிட்டி: எக்கோ ஒவ் ஏடா' என்பது. பண்டாய் நம்கோ என்னும் கம்பனியார் வெளியிட, கேம் ஸ்ரூடியோ என்னும் நிறுவனத்தார் இதனை ஆக்கினர். 2022 செப்டெம்பரில் அறிவிக்கப்பெற்று, 2025 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ், கணினி ஆகியவற்றுக்கு வெளிவந்தது. அவ்வாறு வெளிவந்த வடிவத்தையே ஈண்டு ஆராய்கின்றேன். கொழும்பில் வாழும் என் தங்கை வீட்டில் விடுமுறைக்காக மூன்று கிழமை தங்கியிருந்தபோது, உயர்தர வகுப்பில் படிக்கும் மருமகன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இட்டுக்கொண்டு, அவன் ஆடியதை நாள்தோறும் பார்த்தும் இடையிடையே வினவியும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகின்றேன்.

இரு மரபின் வழித்தோன்றல்

இவ்விளையாட்டு இரண்டு மரபுகள் கூடிப் பெற்ற பிள்ளை. ஒன்று யப்பானியச் சித்திரக்கதை மரபு. அவர்கள் 'மெக்கா' என வழங்கும் பேரியந்திர வீரர் பற்றியது. 1956இல் யொக்கோயாமா மிற்சுதெரு என்பவர் வரைந்த 'தெற்சுசின் 28' என்னும் கதையில், சிறுவன் ஒருவன் எட்டநின்று ஒரு கருவியால் இரும்பு வீரனை ஏவுவான். 1972இல் நாகாய் கோ என்பவர் படைத்த 'மசிங்கர் இசட்' கதையிலோ, தலைவன் அவ்வியந்திரத்தின் தலையுள்ளே புகுந்து அமர்ந்து அதனை ஓட்டினான். ஏவுபவனும் ஏவப்படுவதும் ஓருடலாயின. 1979இல் தொமினோ யொஷியுக்கி என்பவர் இயக்கிய 'மொபைல் சூட் கண்டம்' என்னும் தொலைக்காட்சித் தொடர் இன்னும் ஒருபடி மேற்சென்றது. அதில் இயந்திரம் தேவ வீரன் அன்று. தொழிற்சாலையிற் செய்த போர்க்கருவி. அதனை ஓட்டியவன் போரை விரும்பாத சிறுவன். எதிர்ப்பக்கத்தார் எல்லாரும் அரக்கரும் அல்லர். அத்தொடர் அக்காலத்திற் பார்வையாளரைப் போதிய அளவு பெறாமல் 43 பகுதிகளோடு குறுகி, 1980 ஜனவரியில் முடிந்தது. ஆயினும் அதே ஆண்டில் பண்டாய் கம்பனியார் அவ்வியந்திரங்களின் சிறு மாதிரிகளைச் செய்து விற்கத் தொடங்க, அவை யப்பான் முழுவதும் பரவின. கதையால் விளையாட்டுப் பொருளும், பொருளால் கதையும் வாழும் வணிகமுறை அங்ஙனம் வேரூன்றியது. பண்டாயும் நம்கோவும் 2005இல் ஒன்றாயின. நாம் ஆராயும் விளையாட்டு அவ்வீட்டிலிருந்தே வருகின்றது.

மற்றொரு மரபு மேலை நாட்டது. வயதில் மிக இளையது. 2016இல் யுபிசொவ்ட் கம்பனியார் வெளியிட்ட 'த டிவிஷன்' என்னும் விளையாட்டில், நியூயோர்க் நகரின் ஒரு பகுதி 'இருள் வலயம்' எனப் பெயரிடப்பட்டது. அங்கே கிடைத்த பொருள், அதனை வெளியே கொண்டுவந்து சேர்க்கும்வரை எடுத்தவனுக்குச் சொந்தமன்று; இடையிலே பிறன் ஒருவன் அதனைப் பறித்துக்கொள்ளலாம். 2017இல் ருஷ்ய நாட்டுச் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தார் சிலர் 'எஸ்கேப் புரொம் தார்க்கொவ்' என்னும் விளையாட்டைச் சோதனை நிலையில் விட்டு, அவ்விதியையே முழு விளையாட்டாக விரித்தனர். அது முதல் இவ்வகை 'எக்ஸ்ட்ராக்‌ஷன் ஷூட்டர்' என்ற பெயர்பெற்றுத் தனி இனமாயிற்று. கவர்ந்து மீளும் சுடுவிளையாட்டு என்று நாம் அதனைச் சொல்லலாம். கொண்டுபோன படைக்கலம், அங்கே கண்டெடுத்த பொருள் ஆகிய இரண்டும் உயிரோடு மீண்டால் உன்னுடையன. மீளாவிட்டால் இரண்டும் போயின. இதுவே அவ்வினத்தின் சட்டம்.

பழைய திணையும் புதிய ஆட்டமும்

தமிழ் கற்றார் எவருக்கும் இச்சட்டத்தைக் கேட்டவுடன் வெட்சித்திணை நினைவுக்கு வரும். ஆநிரை கவரச் செல்லும் அத்திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த துறைகள் பதினான்கு. படை புறப்படும் ஓசை, நற்சொல் கேட்டல், பிறர் அறியாமற் செல்லுதல், ஒற்றரால் உளவறிதல், புறத்தே சூழ்ந்து தங்குதல், ஊரைத் தாக்குதல் என ஆறு துறைகள் கடந்து, ஏழாவதாக வருவது ஆகோள். பசுக்களைக் கவர்ந்துகொள்வதே அது. சாதாரணமாகக் கதை சொல்லுபவன் அங்கே முடித்துவிடுவான். தொல்காப்பியரோ அங்கே பாதிவழிதான் வந்திருக்கின்றார். எஞ்சிய ஏழு துறைகளும் மீட்சியையும், மீண்டபின் நிகழ்வதையும் பற்றியனவே. பின்தொடர்ந்து மீட்க வருவாரைத் தடுத்தல், பசுக்களுக்கு வருத்தம் நேராமல் ஓட்டிவருதல், ஊரார் மகிழ்ந்து பேசும்படி வந்து தோன்றுதல், கொணர்ந்து ஊரிலே நிறுத்துதல், பின்னர்ப் பாதீடு, உண்டாட்டு, கொடை. எடுப்பது எளிது, கொண்டுவந்து சேர்ப்பதே அரிது என்ற உண்மையை அவ்வாசிரியர் துறைகளை எண்ணிவைத்த முறையிலேயே உணர்த்திவிட்டார்.

கவர்ந்து மீளும் விளையாட்டுக்களின் சுவையும் அங்கேயே இருக்கிறது. பிற சுடுவிளையாட்டுக்களில் பகைவனை வீழ்த்தியவுடன் நெஞ்சு தளர்ந்து ஓய்வு கொள்ளும். இதிலே பை நிறைந்த கணத்திலேதான் நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. வெறுங்கையோடு போகும்போது துள்ளி நடந்த மருமகன், பை நிறைந்தபின் ஒவ்வொரு மேட்டிலும் நின்று நின்று நாற்புறமும் பார்த்து நடந்ததை நான் கண்டேன். பொருளுடையவனுக்குப் பகல்வழியும் இரவுவழியாகிவிடுகிறது. இதனை ஓர் உபந்நியாசத்தால் விளக்குவது கடினம். அவ்விளையாட்டு அரைமணி நேரத்தில் விளக்கிவிடுகிறது.

வானே பகையானால்

இனிக் கதையைச் சொல்வேன். 2099ஆம் ஆண்டில் உலகின்மீது நச்சு மழையொன்று பொழிகிறது. 'அமாவாசையின் கண்ணீர்' என்று தமிழாக்கத் தக்க ஒரு பெயரை அம்மழைக்கு இட்டிருக்கிறார்கள். அது மக்களிற் பெரும்பகுதியினரை அழித்து, 'எண்டர்' என்னும் கோர உயிர்களையும் தோற்றுவிக்கிறது. எஞ்சியோர் நிலத்தின் அடியிலே அமேசியா என்னும் நகரை அமைத்து வாழ்கின்றனர். அந்நகரும் ஒருநாள் இடிந்து வீழ்கிறது. 2222ஆம் ஆண்டில் நம் ஆட்டம் தொடங்கும்போது, மனிதர் மேல்நிலத்திலே 'கூடு' எனப்படும் சிறு குடியிருப்புக்களில் ஒதுங்கி வாழ்கிறார்கள். ஆடுபவன் 'டிரிவ்டர்' எனப்படும் அலைகுடியினன். பாழ்நிலத்திற் சென்று ஏ.ஓ. படிகம் என்னும் அரும்பொருளைத் திரட்டி மீள்வதே அவன் பிழைப்பு. அவன் ஏறிச் செல்லும் இயந்திரத்துக்குப் பெயர் 'கிரேடில்கொபின்'. தொட்டில் என்ற சொல்லையும் சவப்பெட்டி என்ற சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது. காப்பதும் அதுவே, புதைப்பதும் அதுவே என்ற பொருள்நயம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரு கவிஞன் தேடிக் கண்டெடுத்த சொல் என்றே அதனைச் சொல்லவேண்டும்.

இவ்விளையாட்டின் முதல் அழகு அதன் வானம். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்த நூலைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். மழை என்றால் நமக்கு வாழ்வு. அம்மழை இருண்டு வருவதைக் கண்டு ஒரு மனிதன் ஒதுங்கிடம் தேடி ஓடுகின்ற உலகத்தைக் கற்பனை செய்தது பெரிய காரியம். துளி விழத் தொடங்கியதும் இயந்திரத்தின் உடல் தேயத் தொடங்குகிறது. பாழடைந்த கட்டடங்களின் நிழலில் அவ்வியந்திரம் ஒதுங்கி நிற்க, வெளியே நிலம் முழுவதும் மங்கிய நீலமாய்க் கிடக்கும் காட்சியைச் சில மாலைகளில் நான் வாய்பேசாமற் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பகைவனும் இல்லை. ஒரு வெடியும் இல்லை. ஆயினும் அச்சமும் அழகும் ஒருங்கே இருந்தன. நன்னூலார் கூறிய அழகுகளுள் 'ஆழமுடைத்தாதல்' என்பது அவ்விடத்தில் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

இரண்டாவது அழகு இயந்திரத்தின் கனம். மெக்கா விளையாட்டுக்களிற் பல, இயந்திரத்தைப் பறவைபோலப் பறக்கவிட்டுக் கண்ணை மயக்குவன. 2023இல் வந்து பெரும்புகழ் பெற்ற ஆறாவது 'ஆர்மட் கோர்' அத்தகையது. இங்கே அவ்வாறன்று. இது உழைப்பாளியின் ஊர்தி; நிலத்தை மிதித்து நடப்பது, சுமை தாங்குவது, பழுதாவது. அதனைத் திருத்தும் கொட்டிலும் தொடக்கத்தில் இடிந்து கிடக்கிறது. வெளியே சென்று கொணர்ந்த பொருளால் ஒவ்வொரு மூலையாக அதனைச் செப்பனிட வேண்டும். கூரை போட்டு, படுக்கை போட்டு, விளக்கேற்றி வருகையில் ஆடுபவனுக்கு அது வீடாகிறது. வெளியே செல்லும் அச்சத்துக்கும் மீளும் ஆசைக்கும் அவ்வீடே காரணம். காரணகாரியத் தொடர்பு இங்கே இறுக்கமாக அமைந்திருக்கிறது.

மூன்றாவது, 'மேகஸ்' என்னும் துணை. மனிதவடிவு கொண்ட செயற்கை அறிவினள் அல்லது அறிவினன். தோற்றத்தை ஆடுபவனே அமைத்துக்கொள்ளலாம். அம்மேகஸ் உடன்வந்து, பகைவர் அணுகுவதையும் வானிலை மாறுவதையும் எச்சரித்து, ஆபத்தில் தனக்குரிய ஓர் ஆற்றலால் உதவும். தனிவழிப் பயணத்தில் ஒரு குரல் உடன்வருவது எத்தகைய ஆறுதல் என்பதை இவ்விளையாட்டை ஆக்கியோர் நன்றாக அறிந்திருக்கின்றனர். நம் இலக்கியத்திற் பாங்கனும் தோழியும் வகிக்கும் இடத்தை இங்கே மேகஸ் வகிக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் பாங்கன் தலைவனை இடித்துரைப்பான். தோழி தலைவனை மறுத்து வாயிலிலேயே நிறுத்துவாள். மேகஸோ தலைவன் செய்வது அறமாயினும் மறமாயினும் பாராட்டும். அவ்வாறு பாராட்டுவதே அதற்கு விதிக்கப்பட்ட தொழில். இடித்துரையாத துணையோடு வளரும் பிள்ளையின் மனம் எப்படி அமையும் என்பது அவ்விளையாட்டைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று. இக்காலத்துச் செயற்கை அறிவு எல்லாவற்றையும் பற்றிய கேள்வியாகும்.

கையசைத்தவன் கதை

இவ்வினத்தின் உயிர்நிலை, பாழ்நிலத்தில் நம்மைப்போலவே அலைந்துகொண்டிருக்கும் பிற டிரிவ்டர்களே. அவர்கள் கணினி இயக்கும் பொம்மைகள் அல்லர். உலகின் எங்கோ ஒரு மூலையில் இருந்து ஆடும் மனிதர்கள். அவர்களைச் சுடலாம், சுடாமல் விடலாம், கையசைத்து அன்பு காட்டலாம், சேர்ந்து எண்டர்களை எதிர்க்கலாம். சுடுபவனுடைய தலைக்கு விலை வைக்கப்படும். அவனை வேட்டையாடுபவன் அவ்விலையைப் பெறுவான். ஆகவே நன்மைக்கும் தீமைக்கும் பயன் உண்டு என்ற ஒழுங்கு ஓரளவு பேணப்படுகிறது. பிறனைக் கொல்லாமலே இவ்விளையாட்டை நெடுநாள் ஆடலாம் என்பது, இவ்வினத்தைச் சேர்ந்த வேறு பல விளையாட்டுக்களுக்கு இல்லாத சிறப்பு.

முதற் கிழமையில் மருமகன் காண்பாருக்கெல்லாம் கையசைத்தான். பெரும்பாலோர் திரும்பக் கையசைத்துத் தம் வழிப்போயினர். ஒருவன் எண்டர்க் கூட்டத்தினிடையே சிக்கியிருந்த இவனை வந்து காத்துவிட்டும் சென்றான். மொழி தெரியாது, முகம் தெரியாது, மீண்டும் காணப்போவதும் இல்லை. அத்தகைய ஒருவன் செய்த உதவியைப் பற்றி அன்றிரவு சாப்பாட்டு மேசையிலே இவன் தாயிடம் மூன்றுமுறை சொன்னான்.

இரண்டாம் கிழமையில் ஒருநாள், கையசைத்து நெருங்கி வந்த ஒருவன், இவன் திரும்பியதும் முதுகிலே சுட்டான். நான்கு நாள் உழைத்துச் சேர்த்த ஊர்தியும் படிகமும் ஒரே நிமிடத்தில் போயின. மருமகன் ஒன்றும் பேசவில்லை. கணினியை அணைத்துவிட்டுப் படுத்தான். மறுநாள் எதிரே ஒருவன் வந்து கையசைத்தபோது, இவன் முந்திச் சுட்டான்.

"அவன் உனக்கு என்ன செய்தவன், தம்பி?" என்று கேட்டேன்.

"நான் சுடாட்டில் அவன் சுட்டுப்போடுவான், மாமா," என்றான்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுடப்பட்டவன் உண்மையிலேயே நல்லெண்ணத்தோடு வந்தவனா, வஞ்சகனா என்பது எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அறிந்துகொள்ளும் வழியையும் அந்தக் குண்டே அடைத்துவிட்டது. உலகத்து நாடுகள் படைபெருக்குவதற்கும், அயலார் அயலாரை ஐயுறுவதற்கும் காரணமாய் நிற்பது அவ்வொரு வாக்கியமேயன்றோ? வரலாற்றுப் பாடத்தில் நாம் பல பக்கங்களில் விளக்குவதை, பதினேழு வயதுப் பிள்ளை ஒரே இரவில் தன் நெஞ்சிலே கற்றுக்கொண்டான். கற்றது நன்மைக்கோ தீமைக்கோ என்பதை விளையாட்டு அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் மேகஸ் அப்பொழுதும் அவனைப் பாராட்டிற்று.

இதனை யான் அவ்விளையாட்டின் குறையாக மட்டும் எழுதவில்லை. பிறன் நல்லவனாக இருப்பதற்கும் வஞ்சகனாக இருப்பதற்கும் இடமளித்தமையாலேதான் முதற் கிழமையில் வந்த உதவி அவ்வளவு இனித்தது. கைவிடும் உரிமை இல்லாதவன் செய்யும் உதவியில் இனிமை ஏது? நிறையும் குறையும் ஒரே வேரில் நிற்கும் இடம் இது. நற்படைப்புக்களிலேதான் இத்தகைய இடங்கள் அமையும்.

குற்றங்கள்

இனி, ஒருதலையாகக் குற்றமென்றே சொல்லத் தக்கவற்றைக் கூறுவேன்.

முதலாவது 'கூறியது கூறல்'. இத்தனை படிகம் கொண்டுவா, இத்தனை எண்டரை வீழ்த்து, இன்ன பொருளில் இத்தனை தேடு என்று ஏவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எண் மாறுகிறது, ஏவல் மாறுவதில்லை. எண்டர்களின் வகைகளும் சிலவே. முதலிரு நாள்களில் அச்சம் தந்த உயிர், பத்தாம் நாளில் வழியில் நிற்கும் முட்செடி போலாகிவிடுகிறது. மேகஸின் பேச்சும் அப்படியே. ஒரே எச்சரிக்கையை ஒரே குரலில் நூறுமுறை கேட்டபின், துணைவி என்ற எண்ணம் தேய்ந்து, மணியடிக்கும் கருவி என்ற எண்ணமே எஞ்சுகிறது. நன்னூலார் 'சென்று தேய்ந்திறுதல்' என்று வேறொரு குற்றம் சொன்னார். தொடக்கத்தில் ஓங்கி, செல்லச் செல்ல மெலிந்து போதல் என்பது பொருள். அதுவும் இங்கே உண்டு.

இரண்டாவது, கதையைச் சிதறவைத்த குற்றம். அமேசியா நகரம் ஏன் வீழ்ந்தது என்ற பெருங்கேள்விக்கு விடை கூறும் தனியாள் பகுதி ஒன்று இவ்விளையாட்டினுள் உண்டு. பலர் கூடும் களத்தில் ஓரளவு முன்னேறியவனுக்கே அது படிப்படியாகத் திறக்கும். கதை வேண்டிப் புகுந்தவன் கொள்ளைக்காரர் நடுவே நெடுநாள் அலைய வேண்டும். கொள்ளையில் இன்பம் காண்பவனுக்கோ அக்கதை வேண்டுவதில்லை. இரு சாராரும் ஒருவர் பந்தியில் மற்றவர் இருந்து உண்பதுபோல் ஆயிற்று. அன்றியும், இவ்வுலகத்தின் இன்னொரு கதை தொலைக்காட்சியில் முன்னரே வந்துவிட்டது. 'சிண்டுவாலிட்டி: நுவார்' என்ற அத்தொடரை யமமொத்தோ யூசுக்கே இயக்க, எய்ட் பிட் என்னும் சித்திரக்கூடத்தார் ஆக்கினர். 2023 யூலையில் தொடங்கி, இடைவெளி விட்டு, 2024 மார்ச்சில் 24 பகுதிகளோடு முடிந்தது. நினைவிழந்த மேகஸ் ஒருத்தியைக் கனாற்றா என்னும் இளைஞன் கண்டெடுக்கும் கதை அது. 2242ஆம் ஆண்டில், அதாவது விளையாட்டுக்கு இருபது ஆண்டு பின்னர் நிகழ்வது. அத்தொடரில் உள்ள இளமையும் நகையும் நட்பும் விளையாட்டினுள் வந்து சேரவில்லை. விளையாட்டில் உள்ள இழப்பின் அச்சம் தொடரில் அத்துணை இல்லை. ஒரே பெயர் தாங்கிய இருவர் ஒருவரையொருவர் அறியாதவர்போல் நிற்கிறார்கள்.

மூன்றாவது, பணம். விலை கொடுத்து வாங்கிய பின்னரும், பருவச் சீட்டு என்றும் ஆடை அணி என்றும் மேலும் மேலும் கேட்கும் முறை இதிலும் புகுந்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் அணிகலன் விற்பவனை ஒருவாறு பொறுக்கலாம். வாயிலிலும் கட்டணம், உள்ளே ஒவ்வோர் அறையிலும் கட்டணம் என்றால் அது விருந்தாகாது. மேகஸின் ஆடைகளை விற்பதிலே காட்டிய கவனத்தில் ஒருபங்கை அவள் பேசும் சொற்களைப் பெருக்குவதிலே காட்டியிருக்கலாம்.

இல்லாத துறை

இவை மூன்றும் திருத்தத்தக்க குற்றங்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நான்காவது. வெட்சித் துறைகளோடு இவ்விளையாட்டை ஒப்பிட்டு வரும்போது, உளவறிதல் உண்டு, கரந்து செல்லல் உண்டு, ஆகோள் உண்டு, தொடர்வாரைத் தடுத்தல் உண்டு, கொணர்ந்து சேர்த்தலும் உண்டு. அங்கே அது நின்றுவிடுகிறது. பாதீடும் கொடையும் அங்கே இல்லை. கொண்டுவந்த படிகத்தை விற்றுப் பெரிய துப்பாக்கி வாங்கலாம். அத்துப்பாக்கியால் மேலும் படிகம் கொள்ளலாம். மானிட இனம் அழிவின் விளிம்பில் நிற்பதாகக் கதை சொல்கிறது. ஆனால், கொணர்ந்த பொருளால் ஒரு குழந்தையின் பசி தீர்ந்ததையோ, ஒரு கூட்டில் விளக்கெரிந்ததையோ ஆடுபவன் காண்பதில்லை. அவன் காண்பது தன் கொட்டிலைத்தான்.

பழைய வெட்சியும் கொள்ளைதானே என்று ஒருவர் கேட்கலாம். கொள்ளையே. ஆனால், கவர்ந்ததைக் களத்தில் உழைத்தாருக்கும் உளவு சொன்னாருக்கும் பகுத்துக் கொடுத்து, இரப்பாருக்கும் ஈந்த பின்னரே அச்செயல் முற்றுப்பெறும் என்று இலக்கணம் விதித்தது. கைப்பற்றிய பொருள் ஊரை நோக்கி ஓடியது. இவ்வினத்துப் புதிய விளையாட்டுக்களிலோ அது தன்னை நோக்கியே சுழல்கிறது. அதனாலேதான், எவ்வளவு சேர்த்தும் ஒருநாளும் நிறைவு தோன்றாமல், மேலும் ஒருமுறை, மேலும் ஒருமுறை என்று பிள்ளைகள் விடியும்வரை ஆடுகிறார்கள். முடிவுத்துறை இல்லாத திணைக்கு முடிவு எங்கிருந்து வரும்?

ஏடும் இயந்திரமும்

இன்னும் ஒன்று சொல்லாமல் முடித்தல் தகாது. இத்தகைய விளையாட்டுக்கள் கம்பனியாரின் மத்திய கணினிகளை நம்பி வாழ்வன. அவர் அணைத்தால் இவை இல்லை. இதே மெக்கா இனத்தில், கவர்ந்து மீளும் முறையைத் தழுவிய 'ஸ்டீல் ஹண்டர்ஸ்' என்னும் விளையாட்டு 2025 ஏப்ரிலில் ஆடுவோர்முன் வந்து, அதே ஆண்டு ஒக்டோபரில் மூடப்பட்டது. 2014இல் வெளிவந்து பலர் விலைகொடுத்து வாங்கிய 'த குரூ' என்னும் வண்டியோட்ட விளையாட்டை 2024 மார்ச்சில் யுபிசொவ்ட் நிறுத்தியபோது, வாங்கியவர் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. அதன்பின் ஐரோப்பாவில் எழுந்த இயக்கமொன்று, விற்ற விளையாட்டைச் செயலிழக்கச் செய்தல் தகாது என்ற கோரிக்கைக்கு 2025 யூலையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பம் திரட்டியது.

இதனை நகைத்து ஒதுக்குவோர் நம்முள் இருத்தல் கூடாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1885இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியமையாலேயே வெட்சித்திணையை நம் மாணாக்கர் கையிலே வைத்துப் படிக்கிறார்கள். ஏடு மெல்லச் செல்லரித்தது. எவரேனும் வந்து காக்க அதற்கு நூறாண்டு அவகாசம் இருந்தது. விளையாட்டுக்கோ ஓர் அறிவித்தலும் ஒரு தேதியுமே கிடைக்கின்றன. அந்த நீல மழையும், தொட்டிலும் சவப்பெட்டியுமான அந்தச் சொல்லும் காக்கத்தக்கவை என்று கருதுவோர், அவற்றை விவரித்தேனும் எழுதி வைத்தல் வேண்டும். பின்வருவோர் ஆராய்வதற்கு அவ்வெழுத்தேனும் எஞ்சும்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்டபின், பண்டித வகுப்பு மாணாக்கருக்கு வெட்சித்திணை நடத்துகையில், அவர்கள் அறிந்த இவ்வகை விளையாட்டு எதனையேனும் எடுத்துக்கொண்டு, பதினான்கு துறைகளுள் எவை அதில் அமைந்தன, எவை அமையவில்லை என்று எழுதி வருமாறு பணித்தேன். பின்வரிசையில் எந்நாளும் மெளனமாக இருக்கும் ஒருவன் எழுதி வந்தது இதுவரை நான் திருத்திய விடைகளுள் மறவாமல் நிற்பது. பாதீடும் கொடையும் இல்லையென்று அவனும் கண்டிருந்தான். அதன்கீழே, வழியிற் கண்ட அயலானுக்குக் கையசைத்துவிட்டுச் சுடாமல் விலகிப் போதலைப் பதினைந்தாம் துறையாகச் சேர்க்க இடமுண்டா என்று கேட்டிருந்தான். இடமுண்டு என்று எழுதி, அத்துறைக்குப் பெயரிடும் பொறுப்பை அவனிடமே விட்டிருக்கிறேன். அடுத்த வகுப்புக்குப் பெயரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.